கோணிப்போன க்யூவை நிமிர்த்துவது எப்படி?

ஸ்னூக்கர், பூல் ஆட்டங்களில் பந்தை அடிக்கும் கோலான க்யூ கோணிவிட்டது என்று தெரிந்ததும் பலர் அதை உடனே முழங்காலில் வைத்து அழுத்தத் தொடங்குகிறார்கள். அதற்கு முன்னால் அளக்க வேண்டும். எந்த இடத்தில் வளைந்திருக்கிறது, எந்தப் பக்கமாக, எத்தனை மில்லிமீட்டர் என்ற மூன்றும் தெரியாமல் கை வைத்தால், இல்லாத கோணல் ஒன்று புதிதாகச் சேரும். மூன்றும் தெரிந்துவிட்டால் பிறகு தேவைப்படுவது பெரும்பாலும் பொறுமைதான்.

இங்கே சொல்வதெல்லாம் மர க்யூக்களுக்கு. ஸ்னூக்கர் க்யூ பெரும்பாலும் ஆஷ் மரத்திலும், பூல் க்யூ பெரும்பாலும் மேப்பிளிலும் செய்யப்படுகிறது. பந்தில் படும் முனையான டிப்பை நோக்கி மெலிந்துகொண்டே போகும் பகுதி ஷாஃப்ட். கையில் பிடிக்கும் தடித்த பகுதி பட். மெல்லியதாக இருப்பதால் பொதுவாக ஷாஃப்ட்தான் கோணும். கார்பன் ஃபைபர் ஷாஃப்ட் ஈரக்காற்றால் கோணாது. அப்படிப்பட்ட க்யூ கோணலாகத் தெரிந்தால், ஷாஃப்ட்டும் பட்டும் திருகிச் சேரும் ஜாயின்ட்டைப் பாருங்கள்.

உண்மையிலேயே கோணியிருக்கிறதா?

மேசையில் உருட்டிப் பார்ப்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த சோதனை. அதை மட்டும் நம்பி எந்த முடிவுக்கும் வராதீர்கள். நல்ல ஸ்னூக்கர் க்யூக்கள் கையால் இழைத்துச் செய்யப்படுபவை. அவற்றின் குறுக்குவெட்டு துல்லியமான வட்டமாக இருக்காது. பல க்யூக்களில் பட்டின் கடைசியில் ஒரு பக்கம் தட்டையாகச் சீவப்பட்டிருக்கும், உருளும்போது அது துள்ளும். பூல் ஷாஃப்ட்டில் வேறொரு சிக்கல். டிப்பிலிருந்து ஏறக்குறைய 25 முதல் 35 செ.மீ. வரை ஒரே தடிமனாக வந்து, அதன்பிறகுதான் பல ஷாஃப்ட்கள் தடிக்கத் தொடங்கும். மேசையில் வைத்தால் அடியில் வெளிச்சம் தெரியும். அது ஷாஃப்ட்டின் வடிவம், கோணல் இல்லை.

இரண்டு துண்டாகக் கழலும் க்யூ என்றால் முதலில் கழற்றி ஷாஃப்ட்டையும் பட்டையும் தனித்தனியாகப் பாருங்கள். தனியாக இரண்டும் நேராக இருந்து, மாட்டினால் மட்டும் கோணினால் ஜாயின்ட்டில்தான் சிக்கல். ஜாயின்ட் முகப்பில் ஒட்டியிருக்கும் சாக் தூளோ பழைய மெழுகோ போதும், டிப் பக்கம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விலகிவிடும். உலர்ந்த பல்துலக்கியால் மரையையும் முகப்பையும் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி மாட்டிப் பாருங்கள். பல "கோணல்கள்" இங்கேயே தீர்ந்துவிடும். சுத்தம் செய்தும் கோணினால் முகப்பு சரியாகச் சீவப்படவில்லை என்று பொருள். அது லேத்தில் செய்ய வேண்டிய வேலை, உப்புத்தாளை எடுக்காதீர்கள்.

அடுத்து கண்ணால் பார்க்க வேண்டும். டிப்பை மேசைமேல் ஊன்றி, தடித்த முனையைக் கண்ணருகே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஷாஃப்ட்டின் நீளவாக்கில் பாருங்கள். எதிரே ஒரு ஜன்னலோ டியூப் லைட்டோ இருப்பது நல்லது. பளபளப்பான மரத்தின் மேல் அந்த வெளிச்சம் மெல்லிய வெள்ளைக் கோடாக ஓடும். க்யூவை விரல்களுக்கிடையே மெதுவாகச் சுழற்றினால், நேரான மரத்தில் அந்தக் கோடு அசையாமல் நிற்கும். கோணிய மரத்தில் அது ஓரிடத்தில் இடப்பக்கம் ஒதுங்கி, அரைச்சுற்றுக்குப் பிறகு வலப்பக்கம் ஒதுங்கும். கோடு எந்த இடத்தில் முறிகிறதோ அதுதான் வளைவின் உச்சி. இந்தப் பார்வை பழகச் சற்று நேரம் பிடிக்கும். நேரானது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு க்யூவை முதலில் இப்படிப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

நூல் பிடித்து அளப்பது

கண் இடத்தைக் காட்டும், அளவைச் சொல்லாது. அளவுக்கு நூல் வேண்டும். ஷாஃப்ட்டை உயரம் சமமான இரண்டு கட்டைகள் மேல் கிடத்துங்கள். மெல்லிய நைலான் நூலை ஷாஃப்ட்டின் பக்கவாட்டில், ஃபெரூலுக்கு (டிப்பை ஒட்டியுள்ள வளையம்) சற்று உள்ளிருந்து ஜாயின்ட் வரை இழுத்து மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். நூல் மரத்தில் முட்டாமல் இருக்க இரண்டு முனையிலும் சம தடிமனுள்ள ஏதாவது ஒன்றை அடியில் கொடுக்க வேண்டும். பழைய பிளாஸ்டிக் ஏடிஎம் அட்டையை நறுக்கி நான்கு அடுக்காக வைத்தால் ஏறக்குறைய 3 மி.மீ. கிடைக்கும். மேலே ஒட்டாமல் பக்கவாட்டில் ஒட்டச் சொல்வதற்குக் காரணம் உண்டு: க்யூ தன் எடையால் சற்றுத் தாழும், அந்தத் தாழ்வு பக்கவாட்டு அளவில் சேராது.

இப்போது நடுவில் நூலுக்கும் மரத்துக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) இல்லாவிட்டால் சாதாரண பிரின்டர் தாள் போதும். ஒரு தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ., பத்துத் தாள் ஒரு மில்லிமீட்டர். நூலைத் தள்ளாமல் நுழையும் தாள்களை எண்ணுங்கள். ஷாஃப்ட்டைக் கால்சுற்று கால்சுற்றாகத் திருப்பி நூலை மறுபடி ஒட்டி, நான்கு பக்கமும் இப்படி எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்கு அளவும் ஒன்றுபோல இருந்தால் ஷாஃப்ட் நேராக இருக்கிறது. எதிரெதிர்ப் பக்கங்கள் வேறுபட்டால் அந்த வித்தியாசத்தில் பாதிதான் வளைவு. ஒரு பக்கம் 5 மி.மீ., எதிர்ப்பக்கம் 1 மி.மீ. என்றால் வளைவு 2 மி.மீ. இடைவெளி குறைவாக உள்ள பக்கம்தான் புடைத்த பக்கம். அதன் உச்சியில் டேப் ஒட்டி அம்புக்குறி போட்டுவிடுங்கள். இனிமேல் செய்யும் எல்லாவற்றுக்கும் அந்த அம்புதான் வழிகாட்டி.

எவ்வளவு கோணலைச் சரிசெய்ய வேண்டும்?

ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் சீரான வளைவை நான் தொடச் சொல்லமாட்டேன். அதை ஆட்டத்திலேயே சமாளிக்கலாம். க்யூவைப் பிடிக்கும்போது வளைவு மேல்-கீழாக வரும்படி திருப்பிக்கொண்டால் இடவலக் குறி பெரிதாகக் கெடாது. ஸ்னூக்கர் ஆடுபவர்கள் பலரும் ஆஷ் மரத்தின் ரேகைகள் அம்புமுனை போலக் கூடும் பக்கம் மேலே தெரியும்படி ஒரே நிலையில்தான் க்யூவைப் பிடிக்கிறார்கள். அதே பழக்கம் இங்கேயும் உதவும். பட்டில் சிறு குறி வைத்து, ஒவ்வொரு முறையும் அதே நிலையில் பிடியுங்கள்.

இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் வரை, நீளமாகப் பரவிய ஒரே வளைவு என்றால் வீட்டில் முயலலாம். ஃபெரூலிலிருந்து சில அங்குலத்துக்குள் சட்டென்று முறிந்த வளைவும், ஒரு பக்கம் போய் மறுபக்கம் திரும்பும் இரட்டை வளைவும் வேறு ரகம். அவற்றை க்யூ செய்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

மரம் ஏன் கோணுகிறது?

காரணம் தெரியாமல் நிமிர்த்தினால் மறுபடி கோணும், அதனால் இதைத் தாண்டிப் போகாதீர்கள். மரம் காற்றின் ஈரத்தை வாங்கும், விடும். 20 டிகிரி செல்சியஸில் காற்றின் ஈரப்பதம் 65 சதவீதம் இருந்தால், மரத்தின் ஈரம் அதன் உலர் எடையில் ஏறக்குறைய 12 சதவீதத்தில் வந்து நிற்கும். 50 சதவீதக் காற்றில் 9-ஐ ஒட்டி நிற்கும். ஈரம் ஏறினால் மரம் அகலவாக்கில்தான் நன்றாக உப்பும், நீளவாக்கில் மிகச் சிறிதே நீளும். ஆனால் அந்தச் சிறிதும் ஒரு பக்கம் மட்டும் நீண்டால் வம்பு. 145 செ.மீ. நீளமும் சராசரி 20 மி.மீ. தடிமனும் உள்ள ஒரு க்யூவில், ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட 0.3 மி.மீ. நீண்டாலே நடுவில் ஏறக்குறைய 2.7 மி.மீ. வளைவு விழும். கணக்குப் போட்டால் வரும் எண் இது. மரத்தின் இழை சாய்வாக ஓடும் ஷாஃப்ட்டில் இரண்டு பக்கமும் ஒரே அளவில் நீள்வதில்லை. வார்னிஷ் ஒரு பக்கம் தேய்ந்துபோன ஷாஃப்ட்டிலும் ஈரம் ஒரு பக்கமாகத்தான் ஏறும்.

சுவரில் சாய்த்து வைத்தால் கோணும் என்பது பாதி உண்மை. அரைக் கிலோ சுமார் எடையுள்ள க்யூ ஒரு மாலை சாய்ந்திருப்பதால் ஒன்றும் ஆகாது. மாதக்கணக்கில் சாய்ந்திருந்து, அந்தக் காலத்தில் ஈரமும் வறட்சியும் மாறி மாறி வந்தால் நிச்சயம் கோணும். சுமையும் ஈர மாற்றமும் சேரும்போது மரம் வளையும் அளவு, சுமை மட்டும் இருக்கும்போது வளைவதைவிட மிக அதிகம். வெயிலில் நிறுத்திய மூடிய கார் இதைவிட மோசம். உள்ளே 60 டிகிரி தாண்டலாம். அந்தச் சூட்டில் மரமும் இளகும், ஒட்டுப்பசையும் இளகும்.

முதல் வேலை: ஓய்வு

க்யூவைக் கழற்றி, சமதளமான ஓரிடத்தில் கிடத்தி, இரண்டு வாரம் விடுங்கள். அறையின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் அதிகம் மாறாமல் இருந்தால் நல்லது. ஒரு சிறிய ஈரமானி வாங்கி வைப்பது வீண் செலவில்லை. ஏசி காற்று நேராக அடிக்கும் இடம், வெளிச்சுவரை ஒட்டிய மூலை இரண்டும் வேண்டாம். பிறகு மறுபடி நூல் பிடித்து அளங்கள். அண்மையில் வந்த கோணல் என்றால் கணிசமாகக் குறைந்திருக்க வாய்ப்புண்டு. குறையாவிட்டாலும், மரம் ஒரு நிலைக்கு வந்துவிட்டதால் இப்போது எடுக்கும் அளவுதான் நம்பத்தக்கது.

எடை தொங்கவிட்டு நிமிர்த்துவது

புதியவர்களுக்கு நான் சொல்லும் முறை இதுதான், ஏனென்றால் இதில் அவசரப்படவே முடியாது. சம உயரமுள்ள இரண்டு நாற்காலிகளை 70 செ.மீ. இடைவெளியில் வைத்து, விளிம்புகளில் தடித்த துணியை மடித்துப் போடுங்கள். ஷாஃப்ட்டை அவற்றின் மேல் குறுக்கே கிடத்துங்கள். அம்புக்குறி போட்ட புடைத்த பக்கம் நேர் மேலே இருக்க வேண்டும். ஷாஃப்ட் உருளாதபடி இரண்டு முனையிலும் டேப் ஒட்டிவிடுங்கள். வளைவின் உச்சியில் இரண்டு விரல் அகலமுள்ள துணிப்பட்டையை மாட்டி, அதில் ஒரு தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிடுங்கள். மெல்லிய கயிறு வேண்டாம், அது மரத்தில் தடம் பதிக்கும். பாட்டிலின் வசதி, தண்ணீர் ஊற்றி எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.

ஒரு லிட்டரில் தொடங்குங்கள். நடுவில் 15 மி.மீ. தடிமனுள்ள ஷாஃப்ட் இந்த அமைப்பில் 2 முதல் 3 மி.மீ. வரை தாழும். தடிமன் இரட்டித்தால் விறைப்பு 16 மடங்கு கூடும். அதனால் டிப் பக்கம் அரை லிட்டருக்கே நன்றாக வளையும், ஜாயின்ட் பக்கம் ஒன்றரை லிட்டருக்கும் அசையாது. குறி இதுதான்: எடை தொங்கும்போது ஷாஃப்ட் நேர்க்கோட்டைத் தாண்டி, முன்பு எவ்வளவு புடைத்திருந்ததோ அவ்வளவு எதிர்ப்பக்கம் இறங்கியிருக்க வேண்டும். 2 மி.மீ. கோணல் என்றால் எதிர்ப்பக்கம் 2 மி.மீ., ஆகமொத்தம் 4 மி.மீ. தாழ்வு. நேராக மட்டும் வைத்திருந்தால் போதாது. எடையை எடுத்ததும் மரம் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்.

மூன்று நாள் தொங்கட்டும். பிறகு எடுத்து ஒரு நாள் முழுக்கச் சும்மா கிடத்திவிட்டு அளங்கள். இறக்கிய உடனே அளந்தால் நேராகிவிட்டது போலத் தெரியும், மறுநாள் கால்வாசியோ பாதியோ திரும்பியிருக்கும். அளவு குறைந்திருந்தால் அதே எடையில் மறுபடி தொங்கவிடுங்கள். கொஞ்சமும் குறையவில்லை என்றால் கால் லிட்டர் கூட்டுங்கள். இரண்டு கிலோவைத் தாண்டாதீர்கள். சில வாரங்கள் ஆகலாம். 4 மி.மீ. கோணல் 1 மி.மீ. ஆனதோடு நிறுத்திக்கொள்வதுதான் என் விருப்பம். கடைசி மில்லிமீட்டருக்காகப் போராடும்போதுதான் மறுபக்கக் கோணல் வருகிறது.

டிப்பைக் கிளிப்பில் மாட்டி, அடியில் எடை கட்டி நெட்டுக்குத்தலாகத் தொங்கவிடும் முறையைப் பலர் பரிந்துரைப்பார்கள். சேமித்து வைக்க, எடை கட்டாமல் தொங்கவிடுவது அருமையான முறை. நிமிர்த்த அது போதாது. 3 மி.மீ. கோணிய க்யூவின் அடியில் 2 கிலோ கட்டினாலும், வளைவின் மேல் விழும் நிமிர்த்தும் திருப்புவிசை, நாற்காலி முறையில் 1 கிலோ தருவதில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான்.

கையால் அழுத்துவது

அனுபவமுள்ளவர்கள் கையாலேயே முடித்துவிடுவார்கள். ஆஷ் இதற்கு ஓரளவு இணங்கும், மேப்பிள் விறைப்பாக நிற்கும். காய்ந்த பருத்தித் துணியால் வளைந்த பகுதியை வேகமாகத் தேயுங்கள், உள்ளங்கைக்குச் சூடு தெரியும் வரை. முழங்காலில் மடித்த துண்டை வைத்து, புடைத்த பக்கம் அதன்மேல் படும்படி ஷாஃப்ட்டைப் பிடித்து, இரண்டு கைகளாலும் முனைகளை உங்களை நோக்கி இழுங்கள். சீராக இழுத்து, பதினைந்து விநாடி அப்படியே பிடித்து, மெதுவாக விடுங்கள். விட்டதும் கண்ணால் பாருங்கள். நாலைந்து முறை செய்துவிட்டு அன்றைக்கு நிறுத்துங்கள்.

"டிக்" என்ற சின்னச் சத்தம் கேட்டால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். இழை ஒன்று அறுந்திருக்கும், அல்லது ஒட்டு விலகியிருக்கும். ஃபெரூல், ஜாயின்ட், பட்டில் கருங்காலி போன்ற மரங்கள் ஒட்டிய இணைப்பு ஆகிய மூன்று இடங்களிலும் விசை விழக்கூடாது. அதனால்தான் கழற்றிய ஷாஃப்ட்டில் மட்டும் இதைச் செய்யச் சொல்கிறேன். ஒரே துண்டு க்யூ என்றால் நாற்காலி முறையோடு நில்லுங்கள்.

சூடு

மேலே சொன்னவை பலிக்காதபோது ஹேர் டிரையரை எடுக்கலாம். ஃபெரூலையும் டிப்பையும் அலுமினியத் தாளால் சுற்றிவிடுங்கள். குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓரிடத்திலும் நிறுத்தாமல் வளைவின் மேல் முன்னும் பின்னுமாக ஓட்டுங்கள். ஷாஃப்ட்டைத் திருப்பிக்கொண்டே இருங்கள். அளவுகோல் உங்கள் கைதான். இறுகப் பிடித்துக்கொண்டே இருக்க முடிகிற சூடு போதும். கை பின்வாங்கினால் மிஞ்சிவிட்டது. அந்தச் சூட்டோடு நாற்காலி அமைப்பில் ஏற்றி, முழுவதும் ஆறும் வரை எடையோடு விடுங்கள். எடை இல்லாமல் ஆறினால் சூடாக்கியதில் பயனே இல்லை.

லேக்கர் (பளபளப்பான மேல்பூச்சு) பூசிய ஷாஃப்ட்டில் சூடு அதிகமானால் கொப்புளம் எழும். பல துண்டுகளை ஒட்டி, முன்பகுதியைக் குடைந்து செய்யும் லோ டிஃப்ளெக்‌ஷன் ஷாஃப்ட்டுக்குச் சூடே காட்டாதீர்கள்.

கெட்டில் ஆவியில் காட்டச் சொல்வோர் உண்டு. நாற்காலிக் கால்களை வளைக்க ஆவி நல்ல வழி. அங்கே ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு மணி நேரம் ஆவியில் வைப்பது வழக்கம். க்யூவுக்கு அது பொருந்தாது. மேல்பூச்சு வெளிறும், இழைகள் முள்ளாக எழும்பும், ஃபெரூல் ஒட்டு இளகும், போதாததற்கு உள்ளே போன ஈரம் காயும்போது எந்தப் பக்கம் இழுக்குமென்று யாராலும் சொல்ல முடியாது. உப்புத்தாளால் புடைத்த பக்கத்தைத் தேய்த்து நேராக்கும் யோசனையையும் விட்டுவிடுங்கள். கோணல் அப்படியே இருக்கும், ஷாஃப்ட் மட்டும் மெலியும்.

நிமிர்ந்த பிறகு

ஒரு வாரம் ஆடாமல் வைத்திருந்து கடைசியாக ஒருமுறை அளங்கள். நின்றுவிட்டது என்று தெரிந்தால் மரத்தின் மேற்பரப்பை அடைக்க வேண்டும். எண்ணெய்ப் பூச்சுள்ள ஆஷ் ஷாஃப்ட் என்றால் உலர்ந்த துணியால் அழுக்கைத் துடைத்துவிட்டு, ஆளிவிதை எண்ணெயைத் துணியில் சில சொட்டு எடுத்து மெல்லிசாகப் பூசி, கால் மணி நேரத்தில் மிச்சத்தை முழுக்கத் துடையுங்கள். நன்றாகக் காய்ந்தபின் இன்னொரு முறை. ஈரம் உள்ளே போவதை எண்ணெய் முழுதாகத் தடுக்காது, வேகத்தைத் தணிக்கும். மேப்பிள் ஷாஃப்ட்டுக்கு மெழுகு போதும்.

ஒரு எச்சரிக்கை, இதை விளையாட்டாக எடுக்காதீர்கள். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணி காயும்போது தானே சூடாகும். கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். திறந்தவெளியில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முழுக்கி மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

அன்றாடப் பராமரிப்பில் ஈரத்துணி வேண்டாம். ஆடி முடித்ததும் காய்ந்த துணியால் வியர்வையைத் துடைத்து, கழற்றிப் பெட்டியில் வைத்து, பெட்டியைக் கிடைமட்டமாக வையுங்கள். காரில் விட்டுவராதீர்கள். முதல் மூன்று மாதம், மாதம் ஒருமுறை நூல் பிடித்து அளந்து எழுதி வைத்தால் கோணல் திரும்புகிறதா என்பது நாலு தாள் கனத்திலேயே தெரிந்துவிடும்.

இரண்டு முறை நிமிர்த்தியும் அதே பக்கம் திரும்பினால், அந்த ஷாஃப்ட்டின் இழை ஓட்டமே சாய்வானது. அதை மேலும் வருத்த வேண்டாம். பூல் க்யூவுக்குப் புது ஷாஃப்ட் தனியாகக் கிடைக்கும். வாங்குமுன் பட்டில் உள்ள திருகின் மரையைப் பாருங்கள். 3/8-10, 5/16-14, 5/16-18 என்று (முதல் எண் அங்குலத்தில் விட்டம், அடுத்தது ஓர் அங்குலத்துக்கு எத்தனை மரை) பல வகை உண்டு, ஒன்றில் மற்றொன்று ஏறாது. ஜாயின்ட்டின் விட்டமும் பொருந்த வேண்டும். ஸ்னூக்கர் க்யூ என்றால் பழைய பட்டை வைத்துக்கொண்டு புது ஆஷ் ஷாஃப்ட் பொருத்தித் தரும் கைவினைஞர்கள் இருக்கிறார்கள். கொடுக்கும்போது டிப்பின் விட்டம், மொத்த நீளம், எடை மூன்றையும் அளந்து எழுதிக் கொடுத்துவிடுங்கள்.